கிளெம்டுவுக்குக் கரடி பார்க்கப் போகிறவர்களுக்கு

கனடாவுக்கு வரும் சொந்தக்காரர்களும் டொரொண்டோ நண்பர்களும் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "காட்டுக்குள்ளேயே தங்கிக் கரடி பார்க்கணும். எங்கே போறது, எப்படிப் போறது?" ஆளாளுக்குத் தொலைபேசியில் சொன்னதையெல்லாம் இங்கே சேர்த்து எழுதுகிறேன். நான் சொல்லப்போவது பிரிட்டிஷ் கொலம்பியாவின் கடற்கரையில் உள்ள கிளெம்டு என்னும் சிற்றூரைப் பற்றி. மதுரையிலிருந்து வந்திருந்த அம்மாவை அழைத்துக்கொண்டு ஒரு செப்டம்பரில் அங்கே போனேன். அம்மாவுக்கு அப்போது 63 வயது. முழங்காலில் கொஞ்சம் வலி உண்டு. அவர் போய் வந்த இடம் என்பதால், வயதானவர்களால் முடியுமா என்ற கேள்விக்கும் இதில் பதில் இருக்கும்.

யாருடைய ஊருக்குப் போகிறோம்

முன்பதிவு செய்வதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். வான்கூவர் தீவின் வடமுனையைத் தாண்டி அலாஸ்கா எல்லை நோக்கி நீளும் கடலோரக் காட்டுக்கு கிரேட் பேர் மழைக்காடு என்று பெயர். 64 லட்சம் ஹெக்டேர். நம் கேரளத்தைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். அதன் நடுவே ஸ்விண்டில் தீவில் இருக்கிறது கிளெம்டு. சாலைவழி கிடையாது. கடல்வழி அல்லது வான்வழிதான். சில நூறு பேர் வாழும் ஊர். கிட்டாசூ, ஹைஹைஸ் என்று இரண்டு முதற்குடி மக்கள் (ஐரோப்பியர் வருவதற்கு முன்பிருந்தே அங்கே வாழ்பவர்கள்), இரண்டு வேறு மொழிக்காரர்கள், ஒரே ஊரில் சேர்ந்து ஒரே சமூகமாக வாழ்கிறார்கள்.

அங்கே நீர்க்கரையில் இருக்கும் ஸ்பிரிட் பேர் லாட்ஜ் அந்தச் சமூகத்துக்கே சொந்தம். லாட்ஜ் என்றதும் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் விடுதியை நினைத்துக்கொள்ள வேண்டாம். பத்துப் பன்னிரண்டு அறைகள், பெரிய சாப்பாட்டுக் கூடம், கண்ணாடிக்கு வெளியே கடல். ஊரின் மீன் பதனிடும் ஆலை மூடப்பட்டு, மீன்பிடித் தொழிலும் தளர்ந்த பிறகு, பிள்ளைகள் ஊரைவிட்டுப் போகாமல் இருக்க என்ன வழி என்று யோசித்து அந்த மக்கள் கட்டி எழுப்பிய தொழில் இது. தொடக்க காலத்தில் கரடி காட்டும் வழிகாட்டியாக இருந்த டக் நீஸ்லாஸ் பின்னாளில் அந்தச் சமூகத்தின் தலைமைப் பொறுப்புக்கே வந்தார்.

காசு எங்கே போகிறது என்பதோடு முடிகிற விஷயமில்லை இது. கரடியை விளையாட்டுக்காகச் சுடுவதற்கு மாகாண அரசு உரிமம் கொடுத்துக்கொண்டிருந்த காலத்திலேயே, 2012இல், கடலோர முதற்குடிகள் ஒன்றுகூடி, தலையையும் தோலையும் வெற்றிச் சின்னமாகக் கொண்டுபோவதற்காகச் செய்யும் 'டிராஃபி' வேட்டை எங்கள் நிலத்தில் இனிக் கிடையாது என்று தாங்களாகவே அறிவித்தார்கள். 2017 டிசம்பரில்தான் மாகாண அரசு கிரிஸ்லி என்னும் பெரிய பழுப்புக் கரடியின் வேட்டையை நிறுத்தியது. நீங்கள் பார்க்கப்போகும் கரடி பயமில்லாமல் ஓடையில் நின்று மீன் தின்கிறது என்றால், அதற்குப் பின்னால் இந்த மக்களின் பல ஆண்டுப் பிடிவாதம் இருக்கிறது. ஆகவே அறையை வாடகைக்கு எடுத்தவராகப் போகாதீர்கள். விருந்தாளியாகப் போங்கள். பின்னால் நான் சொல்லும் எல்லா ஒழுங்குமுறையும் இதிலிருந்தே வருகிறது.

எந்த மாதம்

கரடியின் வயிறு எங்கே போகிறதோ அங்கே நாமும் போக வேண்டும். மே, ஜூன் மாதங்களில் குளிர்கால உறக்கம் கலைந்த கிரிஸ்லிகள் கழிமுகத்துக்கு இறங்கி, மாடு போலக் கோரைப்புல் மேயும். கரடி புல் மேய்வதைப் பார்க்க ஆசை என்றால் அதுதான் காலம். அதற்குப் பிரின்ஸ் ரூப்பர்ட்டுக்கு வடக்கே, 1994இல் கிரிஸ்லிகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட குட்ஸிமட்டீன் சரணாலயம் பெயர் பெற்றது.

சால்மன் மீன் கடலிலிருந்து ஓடைகளுக்கு ஏறும் காலம் ஆகஸ்ட் கடைசி முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை. கிளெம்டுவுக்குப் போக வேண்டிய காலம் இதுவே. என்னைக் கேட்டால் செப்டம்பர் இரண்டாம், மூன்றாம் வாரம் என்பேன். மழை கொட்டும். ஆனால் மழை வந்தால்தான் ஓடையில் நீர் ஏறும், நீர் ஏறினால்தான் மீன் ஏறும், மீன் ஏறினால்தான் கரடி இறங்கும். அங்கே யாரும் மழையைத் திட்டி நான் கேட்டதில்லை.

செப்டம்பர் 30 அன்று அங்கே இருக்க நேர்ந்தால், அது கனடாவில் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான நாள். பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு உறைவிடப் பள்ளிகளில் அடைக்கப்பட்ட முதற்குடிப் பிள்ளைகளை நினைத்து ஆரஞ்சு நிறச் சட்டை அணிவார்கள். அந்தப் பள்ளிகளில் படித்தவர்கள் இன்னும் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களாகக் கிளற வேண்டாம்.

கையில் எவ்வளவு வேண்டும்

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மூன்று நான்கு இரவுகள் தங்கும் திட்டம் ஒருவருக்குப் பல ஆயிரம் கனடிய டாலர் ஆகும். தங்குமிடம், மூன்று வேளைச் சாப்பாடு, படகு, வழிகாட்டி எல்லாம் அதில் அடக்கம். விமானச் செலவு சேர்ந்ததா இல்லையா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இடங்கள் குறைவு என்பதால் செப்டம்பருக்கு ஓராண்டுக்கு முன்பே பதிந்துவிட வேண்டும்.

அவ்வளவு முடியாது என்றால் மனம் தளர வேண்டாம். வான்கூவர் தீவில் கேம்பெல் ரிவர் ஊரிலிருந்து ஹோமால்கோ சமூகத்தார் பியூட் இன்லெட் என்னும், நிலத்துக்குள் நீளும் கடற்கிளைக்குப் படகில் அழைத்துப்போய், ஆர்ஃபர்ட் ஆற்றங்கரையில் கிரிஸ்லி காட்டிவிட்டு மாலைக்குள் திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்கள். ஒருநாள் பயணம், செலவும் அதற்கேற்பக் குறைவு. இரண்டுக்கும் நடுவே ஒன்று வேண்டுமென்றால், டெசலேஷன் சவுண்டில் க்ளஹூஸ் சமூகத்தாரின் தங்குமிடம் இருக்கிறது. அங்கிருந்து டோபா இன்லெட்டின் கிரிஸ்லிகளைப் பார்க்கப் போகலாம். சின்னக் குழந்தைகள் இருக்கும் குடும்பம் என்றால் முதலில் இந்த ஒருநாள் பயணத்தைத்தான் பரிந்துரைப்பேன். குறைந்தபட்ச வயது வரம்பு இருக்கிறதா என்று எங்கேயும் கேட்டுவிட்டே பணம் கட்டுங்கள்.

வலைத்தளத்தில் டோட்டம் தூண் (குலச் சின்னங்கள் செதுக்கிய மரத்தூண்) படம் போட்டிருப்பதாலேயே அது முதற்குடிகளின் நிறுவனம் ஆகிவிடாது. யார் உரிமையாளர், எந்தச் சமூகம், வழிகாட்டிகள் ஊர்க்காரர்களா என்று நேரடியாக மின்னஞ்சலில் கேளுங்கள். உண்மையான இடம் என்றால் பெருமையோடு பதில் எழுதுவார்கள்.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வருகிறவர்களுக்குப் பார்வையாளர் விசா வேண்டும். கட்டணம் 100 டாலர், விரல்ரேகைப் பதிவுக்கு 85 டாலர். விசா கையில் வருவதற்குள் லாட்ஜுக்கு முன்பணம் கட்ட வேண்டியிருக்கும். ஆகவே பயணம் ரத்தானால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மருத்துவக் காப்பீடு எடுக்கும்போது, தொலைவான இடத்திலிருந்து விமானத்தில் தூக்கிக்கொண்டு போகும் செலவும் அதில் அடங்குமா என்று பாருங்கள். கிளெம்டுவில் சிறிய சுகாதார நிலையம்தான் உண்டு. பக்கத்து மருத்துவமனை பெல்லா பெல்லாவில், கடல் கடந்து.

போகும் வழி

வான்கூவரிலிருந்து சிறிய விமானத்தில் பெல்லா பெல்லா. ஹெய்ல்ட்சுக் மக்களின் ஊர் அது. அங்கிருந்து லாட்ஜின் படகில் ஒன்றரை, இரண்டு மணி நேரம். கடலில் நேரம் செலவழிக்கத் தயார் என்றால், வான்கூவர் தீவின் போர்ட் ஹார்டியிலிருந்து கிளெம்டுவைத் தொட்டுப் போகும் பி.சி. ஃபெர்ரீஸ் கப்பலும் உண்டு. தினமும் கிடையாது, அட்டவணை பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே நான் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். அந்தக் கரையில் ஆகஸ்ட் மாதத்தை 'ஃபாகஸ்ட்' என்பார்கள், அவ்வளவு மூடுபனி. செப்டம்பரிலும் அது விட்டபாடில்லை. திரும்பி வரும் நாளில் காலையிலிருந்து பனி கலையவில்லை. விமானம் இறங்க முடியாமல் நின்றுபோனது. அன்றிரவே டொரொண்டோவுக்கு அக்கா வீட்டுக்குப் போக வேறு விமானத்தில் இடம் போட்டிருந்தேன். அந்தப் பணம் போனது போனதுதான். போகும்போது ஒரு இரவு, வரும்போது ஒரு இரவு வான்கூவரில் தங்குவதாகத் திட்டமிடுங்கள். அந்த அறை வாடகை வீண் செலவில்லை.

சின்ன விமானம் என்பதால் பெட்டியின் எடைக்குக் கண்டிப்பு உண்டு. சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டியை வான்கூவரில் விட்டுவிட்டு, மடங்கும் துணிப்பையில் சாமானை அடுக்குங்கள். படகில் குமட்டும் என்றால் கிராவால் மாத்திரையைப் படகு ஏறுவதற்கு அரைமணி முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். குமட்டல் வந்த பிறகு போட்டுப் பயனில்லை. அம்மா மாத்திரையும் போட்டார், சுக்கு மிட்டாயும் வைத்திருந்தார். எது வேலை செய்தது என்று இன்றுவரை எங்களுக்குள் முடிவாகவில்லை.

துணிமணி

பருத்தியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். நம் ஊர் வெயிலுக்குப் பருத்தி தெய்வம். ஆனால் அந்தக் காட்டில் அது நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உள்ளே மெல்லிய கம்பளி அல்லது தெர்மல், அதன்மேல் ஃப்ளீஸ், அதற்கும் மேல் மழை உடை. அசையாமல் மணிக்கணக்கில் உட்காரப் போகிறோம் என்பதால், நடக்கிறவருக்குத் தேவைப்படுவதைவிட ஒரு அடுக்கு கூடுதலாகவே வேண்டும். கம்பளிக் காலுறை நான்கு ஜோடி, காதை மூடும் குல்லாய், கையுறை. மழைக்கோட்டும் முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸும் பெரும்பாலும் தங்குமிடத்திலேயே கொடுத்துவிடுவார்கள். உங்கள் கால் அளவை முன்பே எழுதிவிடுங்கள். அம்மா கடைசி நிமிடம்வரை செருப்பை விடவில்லை. "ஒரு ஓரமா இருக்கட்டும்டா" என்றார். "அம்மா, அங்கே பாசி பிடிச்ச பாறைம்மா" என்று கெஞ்சி எடுத்து வைத்தேன்.

நடை என்று பார்த்தால் அதிகமில்லை. சிரமம் படகிலிருந்து இறங்குவதில்தான். படகுத்துறை எதுவும் இருக்காது. படகின் மூக்கைப் பாறையில் முட்டி நிறுத்துவார்கள், காலைத் தூக்கி வைத்து இறங்க வேண்டும். பிறகு வேரும் பாசியுமாகக் கொஞ்ச தூரம். அம்மாவுக்கு ஒரு கைத்தடியும் ஒருவர் தோளும் போதுமானதாக இருந்தன. முழங்கால் வலியைப் பதிவு செய்யும்போதே சொல்லியிருந்தோம். அதனால் எங்களைச் சுலபமாக இறங்கும் ஓடைகளுக்கே அழைத்துப்போனார்கள். உடம்பு விஷயத்தை மறைக்காதீர்கள்.

பவுடர், சென்ட், வாசனைத் தைலம் எதுவும் வேண்டாம். கரடியின் கண்ணைவிட மூக்கு கூர்மை. கரடியை விரட்டும் மிளகுத் தெளிப்பானை வாங்கிப் பையில் வைக்காதீர்கள், விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். பாதுகாப்புச் சாதனம் வழிகாட்டியிடம் இருக்கும்.

ஊரில்

போன அன்று மாலையே எங்களைப் பிக் ஹவுஸுக்கு அழைத்துப்போனார்கள். விரிகுடாவைப் பார்த்தபடி நிற்கும், சீடர் என்னும் ஊசியிலை மரத்தாலான பெருவீடு. உள்ளே மண்தரை, நடுவில் தீ மூட்டும் இடம், கூரையைத் தாங்கும் செதுக்குத் தூண்களில் காகம், கழுகு, ஓர்க்கா திமிங்கலம், ஓநாய் என்று குலச் சின்னங்கள். 1885 முதல் 1951 வரை, இந்த மக்கள் தங்கள் பாட்லாட்ச் விழாவைக் கொண்டாடுவதே கனடாச் சட்டப்படி குற்றம். பெயர் சூட்டுவது, திருமணம், இறந்தவர்க்குச் செய்யும் கடன், சொத்துரிமை எல்லாவற்றையும் ஊரைக் கூட்டி, விருந்திட்டு, பரிசளித்து, சாட்சி வைத்துச் செய்யும் விழா அது. அதைத் தடுத்தால் ஒரு சமூகத்தின் பத்திரப் பதிவு அலுவலகத்தையே பூட்டியது போல. அத்தனைக்குப் பிறகும் அந்தப் பெருவீடு அங்கே நிற்கிறது. நான் கரடிக்காகப் போனேன், ஆனால் இன்றும் அடிக்கடி நினைவுக்கு வருவது அந்த மண்தரையின் புகை வாசனைதான்.

அங்கே படம் எடுக்கலாமா என்று கேட்டுவிட்டே எடுங்கள். பாட்டையும் ஆட்டத்தையும் கேட்காமல் பதிவு செய்யக் கூடாது. ஒவ்வொரு பாட்டும் ஒரு குடும்பத்துக்கு உரிமையானது. சிவப்பிந்தியர் என்ற சொல்லை நாவிலிருந்தே எடுத்துவிடுங்கள். மக்களை அவர்கள் பெயராலேயே, கிட்டாசூ ஹைஹைஸ் என்று சொல்லப் பழகுங்கள். தெருவில் எதிர்ப்படுகிறவர்களுக்கு வணக்கம் சொன்னால் நின்று பேசுவார்கள். எங்கள் வழிகாட்டி, இருபத்தைந்து வயதுப் பெண், அம்மாவை முதல் நாளிலிருந்தே "ஆன்ட்டி" என்று அழைத்தார். அவர்கள் ஊரிலும் மூத்த பெண்களை அப்படித்தான் அழைப்பார்களாம். அம்மாவுக்கு அத்தோடு அந்த ஊர் பழகிப்போய்விட்டது.

ஓடைக்கரையில்

காலையில் படகில் ஒன்றிரண்டு மணி நேரம் போய் ஒரு ஓடை முகத்தில் இறங்குவோம். முதலில் வந்து சேர்வது வாடை. முட்டையிட்டு முடித்த சால்மன்கள் செத்துக் கரையெங்கும் கிடக்கும், கருவாட்டுச் சந்தைக்குள் நுழைந்தது போல இருக்கும். பத்து நிமிடத்தில் மூக்கு பழகிவிடும். சீடர் மரத்தடியில் பாசி மெத்தைமேல் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும்.

எவ்வளவு நேரம்? ஒருநாள் ஐந்து மணி நேரம் உட்கார்ந்தோம். ஒன்றும் வரவில்லை. இதை முன்பே மனத்தில் வாங்கிக்கொண்டு போனால்தான் அந்தப் பயணம் இனிக்கும். கரடிக்கு யாரும் உத்தரவாதம் தருவதில்லை. தருகிறேன் என்று சொல்லும் இடத்துக்குப் போகவும் கூடாது, இரை வைத்துக் கூப்பிடுகிறார்களோ என்று சந்தேகப்பட வேண்டும்.

மறுநாள் மதியம் ஒரு கருங்கரடி வந்தது. சத்தமே இல்லை. புதர் இருந்த இடத்தில் கரடி இருந்தது, அவ்வளவுதான். முழங்கால் ஆழத் தண்ணீரில் இறங்கி ஒரு பாய்ச்சல், வாயில் பெண்மீன். அதைப் பாறைமேல் போட்டு முன்னங்காலால் வயிற்றை அமுக்கியது. செம்மணி போல முட்டைகள் பிதுங்கிப் பாறையில் சிந்தின. அவற்றை ஒன்றுவிடாமல் நக்கியது. பிறகு மண்டையை ஒரு கடி. மிச்ச மீனை அப்படியே போட்டுவிட்டு அடுத்ததற்குப் போனது. மீன் மலிந்த காலத்தில் கொழுப்பு மிகுந்த முட்டையும் மூளையும் மட்டுமே தின்னுமாம். விட்டுப்போன உடல் வீணாவதில்லை. காகமும் கடற்காக்கையும் தின்று, மீதி மண்ணில் மட்கும். ஓடையோர மரங்களில் கடலிலிருந்து வந்த நைட்ரஜனை ஆய்வாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். நான் சாய்ந்திருந்த சீடரும் மீன் தின்று வளர்ந்த மரம்தான்.

கரடி இருக்கும்போது செய்ய வேண்டியவை சில. எல்லோரும் நெருங்கி ஒரே கூட்டமாக இருங்கள். ஒருவர் மட்டும் நல்ல படத்துக்காகத் தள்ளிப் போகக் கூடாது. தாழ்ந்த குரலில் பேசலாம். வழிகாட்டியே கரடியிடம், நாங்கள் இங்கே இருக்கிறோம் என்பது போல மெதுவாகப் பேசிக்கொண்டிருப்பார். ஓடவே கூடாது, எந்த நிலையிலும். கரடி கொட்டாவி விட்டால் தூக்கம் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் அது பதற்றத்தின் அடையாளம். எச்சில் வடிப்பது, மூச்சைச் சீறி விடுவது, பல்லைக் கடகடவென்று தட்டுவது இவையும் அப்படியே. அதைக் கண்டதும் வழிகாட்டி எல்லோரையும் பின்வாங்கச் சொல்வார். ஏன் என்று அங்கே கேட்க வேண்டாம், படகில் கேட்டுக்கொள்ளலாம். சாப்பாட்டுப் பொட்டலத்தை அவர் சொன்ன இடத்தில், சொன்ன நேரத்தில் மட்டும் பிரியுங்கள். சிறுநீர் கழிக்கப் போவதற்கும் அவரிடம் சொல்லிவிட்டே போக வேண்டும். பெண்கள் இதற்குக் கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருப்பதைப் பார்த்தேன், அது உடம்புக்கு ஆகாது. அவர்கள் அதைச் சாதாரணமாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

படத்துக்கு: மரநிழலில் வெளிச்சம் குறைவு. ஃப்ளாஷ் கூடாது, ட்ரோன் கூடாது. 400 மி.மீ. வரை போகும் லென்ஸ் போதும். மழை உறை, கூடுதல் பேட்டரி, துடைக்க ஐந்தாறு பருத்தித் துணி. ஆம், பருத்திக்கு அங்கே வேலை இது ஒன்றுதான்.

வெள்ளைக் கரடி

பலரும் அங்கே போவது ஸ்பிரிட் பேர் என்னும் வெள்ளைக் கரடிக்காகத்தான். அது பனிக்கரடி அல்ல, அல்பினோவும் அல்ல. கருங்கரடியேதான். தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒரு குறிப்பிட்ட மரபணு வந்து சேர்ந்தால் குட்டி வெண்ணிறமாகப் பிறக்கும். கறுப்புத் தாய்க்கும் வெள்ளைக் குட்டி பிறக்கலாம். பிரின்சஸ் ராயல், கிரிபெல் தீவுகளில்தான் இவை மிகுதி. பகலில் மீன் பிடிப்பதில் வெள்ளைக்குக் கறுப்பைவிட வெற்றி அதிகம் என்று கண்டிருக்கிறார்கள். தண்ணீருக்குள்ளிருந்து பார்க்கும் மீனுக்கு, மேகமூட்ட வானத்தின் பின்னணியில் வெள்ளை எளிதில் தெரிவதில்லை போலும். உலகம் முழுதும் பனியாக இருந்த காலத்தை மக்கள் மறக்காதிருக்க, காக்கை பத்துக் கரடிகளில் ஒன்றை வெள்ளையாக்கியது என்பது அந்தக் கரையின் பழங்கதை.

எங்களுக்கு அது கண்ணில் படவில்லை. கடைசி நாள், ஒரு கருங்கரடித் தாயும் இரண்டு கறுப்புக் குட்டிகளும் ஓடையைக் கடந்து போயின. அம்மா மெல்லக் கேட்டார்: "வெள்ளை வராதா?" நான் மொழிபெயர்த்தேன். வழிகாட்டி குட்டிகளைக் காட்டிச் சொன்னார்: "ஆன்ட்டி, இதுகளுக்குள்ளேயும் வெள்ளை இருக்கலாம்." அந்த மரபணுவைச் சுமக்கும் கறுப்புக் கரடியைச் சுட்டால் பிறக்கவிருக்கும் வெள்ளைக் கரடியையும் சேர்த்துச் சுட்டதாகிவிடும். அதனால்தான் கிட்டாசூ ஹைஹைஸ் மக்களும் பக்கத்துக் கிட்காட் மக்களும் வலியுறுத்தி, 2022இல் தங்கள் நிலத்தில் 8,000 சதுர கிலோமீட்டருக்கும் மேலான பரப்பில் கருங்கரடி வேட்டைக்கே தடை வாங்கினார்கள். அம்மா அதன் பிறகு வெள்ளையைப் பற்றிக் கேட்கவில்லை. குட்டிகள் மறைந்த திசையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பாடு, அன்பளிப்பு, திரும்பிய பின்

அங்கே விருந்து என்றால் சால்மன், ஹாலிபட், நண்டு. மீன் சாப்பிடுகிறவர்களுக்கு வேறெதுவும் சொல்ல வேண்டியதில்லை. சைவம் என்றால் பதியும்போதே எழுதுங்கள், வெண்ணெயும் முட்டையும் ஆகுமா ஆகாதா என்பதையும் சேர்த்து. கடை கண்ணி பக்கத்தில் இல்லாததால் அவர்கள் முன்கூட்டியே சாமான் வரவழைக்க வேண்டும். அம்மா சைவம். சோறும் பருப்பு சூப்பும் கேட்காமலே வந்தன. பருப்புப் பொடியை ஒரு புட்டியில் கொண்டுபோயிருந்தோம். அதை அறைக்குள்ளேயே இறுக மூடி வைத்தோம், ஓடைக்கு எடுத்துப்போகவில்லை. கடைசி இரவு சமையல்காரர் அதில் ஒரு கரண்டி வாங்கிச் சோற்றில் போட்டுப் பார்த்தார். புட்டியை அம்மா அங்கேயே விட்டுவிட்டு வந்தார்.

வழிகாட்டிக்கும் சமையல்காரர்களுக்கும் அன்பளிப்புக் கொடுப்பது வழக்கம். எவ்வளவு, எப்படி என்று அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். ரொக்கமாகக் கொண்டுபோங்கள்.

வீடு திரும்பியதும் படங்களை எல்லோருக்கும் அனுப்பத் தோன்றும், அனுப்புங்கள். ஆனால் ஓடையின் பெயரையும் கைப்பேசி தானாகச் சேர்க்கும் இடக்குறிப்பையும் எடுத்துவிட்டு அனுப்புங்கள். எந்த ஓடையில் எந்த வாரம் கரடி இறங்கும் என்பது பல தலைமுறையாக அந்த ஊர் அறிந்து வைத்திருக்கும் விஷயம். எங்களை அங்கே கூட்டிப்போகும்போது வழிகாட்டி கேட்டுக்கொண்ட ஒரே உதவியும் அதுதான்.